கொப்பளிச்சுத் துப்புங்க

அண்ணனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாததுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது.

சலவைக்கூடத்தின் விளம்பரத்தை முதலில் பார்த்தவள் அம்மா. பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்ததாம். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் மொத்தமாக வாங்கித் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். ஆள் தேவை என்று போட்டிருந்தது. சம்பளம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, சீருடை உண்டு, ரப்பர் செருப்புகூட அவர்களே தருவார்கள். அம்மா இதையெல்லாம் படித்துப் பூரித்துப்போய் நின்றதில் ஒரு பேருந்தை விட்டுவிட்டாள். அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பேருந்தும் போய்விட்டது. மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்பும் இளைஞர்களுக்கு மட்டும் என்றிருந்ததாம். அங்கேயே தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலை பழக வேண்டும். தேறிவிட்டால் வேலை நிரந்தரம்.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல பிள்ளையாக வளர்த்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்.

அண்ணன் குளிர்சாதன எந்திரம் பழுதுபார்க்கிற படிப்பு படித்தவன். படித்து முடித்து வருடங்கள் ஓடிவிட்டன. போகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான். அனுபவம் இருக்கிறதா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒரு முதலாளியிடம் அவன் திருப்பிக் கேட்டானாம். அது சரிதான், ஆனால் வேறு யாராவது கொடுக்கட்டும் என்றாராம் அவர். விளம்பரத்தைப் பற்றி அம்மா சொன்னதும் அண்ணன் கூரையைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்க போனாலும் அனுபவம் கேக்குறாங்க. கடைசியில இங்கயும் அதைத்தான் கேக்குறாங்களாம்மா."

அனுபவம் எங்கே கிடைக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டின் கடைசி வளைவில் அது காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். எந்த நேரமும் அவனைச் சுற்றி ஏதோ ஒரு புகை இருப்பதால் அவனுக்கு ஆவி என்று பெயர். அவனுக்கும் வேலை கிடையாது. புகையில் ஆரம்பித்து, இருமல் மருந்து, மாத்திரை, மது என்று அவன் தொடாததே இல்லை. படிக்காத பாடமில்லை என்பதுபோல் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அப்படியானால் அந்த வேலைக்கு நீயே போகலாமே என்று அம்மா நியாயமாகக் கேட்டாள். ஆவிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் எதுக்கு அத்தை போகணும்? எனக்குத்தான் ஒரு பிரச்சினையும் இல்லையே. நினைச்சா இன்னைக்கே விட்டுடுவேன்."

ஆனால் அண்ணனுக்குப் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டான். ஒருவன் ஆரம்பிக்கவே இல்லை, இன்னொருவன் முடிக்கவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதிப் போட்டார்கள். படுக்கை காலியானதும் கூப்பிடுகிறோம், வீட்டு ஆள் யாராவது கூட வந்து உறுதி சொல்ல வேண்டும் என்று சலவைக்கூடத்திலிருந்து பதில் வந்தது.

மறுநாளே ஒத்திகை தொடங்கிவிட்டது.

அண்ணன் முதலில் மகா மட்டமான குடிகாரனாக இருந்தான். கண்ணைச் சொருகச் சொன்னால் தூங்கி வழிந்தான். தள்ளாடச் சொன்னால் நடனம் ஆடினான். நான் போதைக்கு அடிமை, என்னைக் காப்பாற்றுங்கள் என்று அவன் நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்தபோது ஆவி தலையில் அடித்துக்கொண்டான். உண்மையான குடிகாரன் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டானாம். அவனுக்கு எப்போதும் அடுத்தவன்தான் குடிகாரன். எனக்கு ஒண்ணுமில்லை, எப்ப வேணாலும் விட்டுடுவேன் என்று அவன் அலட்சியமாகச் சொல்ல வேண்டுமாம். அண்ணன் அந்த ஒரு வரியை ஒரு வாரம் சொல்லிப் பார்த்தான். வரவே இல்லை. பள்ளியில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரியே இருந்தது.

அம்மாவின் பாகம் இன்னும் மோசம். என் பையன் குடிகாரன் என்று அவள் சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிற மேடத்தின் முன்னால் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. என் பையனுக்குக் கொஞ்சம் தாகம் அதிகம் என்றாள். ஆவி முறைத்தான். சில சமயம் தள்ளாடுவான், ஆனால் யார் மேலும் இடிக்க மாட்டான் என்றாள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு, தைரியத்தை வரவழைத்து, குடிகாரப் பாவி என் குடியைக் கெடுத்துட்டியே என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். அது நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் கீழ்வீட்டு அத்தை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அம்மா உடனே, ஐயையோ, என் பையன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்றாள்.

"எல்லாத் தாயும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று அத்தை அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்றிலிருந்து படியில் அண்ணனைப் பார்த்தால் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவாள். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். விஷயம் தெரியாதவர்கள்கூட நம்ப ஆரம்பித்துவிட்டார்களே.

நடிப்பு மட்டும் போதாது, வாடை வேண்டும் என்றான் ஆவி. வாடை இல்லாத குடிகாரனை எந்த மேடமும் நம்ப மாட்டாள். இந்த இடத்தில்தான் அம்மாவின் தொழில் உள்ளே நுழைந்தது.

அம்மா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். மருத்துவர் பல்லைக் குடைவார். அம்மா பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வாள். குடைந்து முடிந்ததும் சின்னக் காகிதக் கோப்பையில் தண்ணீரை நீட்டி, கொப்பளிச்சுத் துப்புங்க என்பாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதையே சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட அவளுக்கு அது வரும். குடிப்பதுதானே தப்பு, கொப்பளிப்பதில் என்ன தப்பு என்று அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள். வாடைக்கு வாடையும் ஆச்சு, வயிற்றுக்குள் ஒன்றும் போகாது.

அவளே போய் பிராந்தி வாங்கிவந்தாள். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று மருத்துவமனை முகமூடியைப் போட்டுக்கொண்டு போனாளாம். கடைக்காரர் எழுந்து நின்று, காயத்துக்கா டாக்டரம்மா என்று கேட்டாராம். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

சட்டம் அம்மாவுடையது. தினம் பதினோரு மணிக்கு ஒரு காகிதக் கோப்பை அளவு. வாய்க்குள் நன்றாகச் சுழற்றி, கழுவுதொட்டியில் துப்பிவிட்டு, குழாயைத் திறந்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு பாட்டில், ஒத்திகை போக அதில் மிச்சம் இருப்பது ஆவியின் சம்பளம். வேலைக்குப் போகிற அம்மாவால் மேற்பார்வை பார்க்க முடியாது என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு வீட்டில் இருந்தபடியே ஒரு தையல்கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொடுக்கிறேன். வெளியாள் யாராவது வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் வாயாடி.

"துப்பிட்டியா?" என்று நான் உள்ளேயிருந்து கேட்பேன்.

"துப்பிட்டேன்டி வாயாடி," என்று பதில் வரும். குழாய்ச் சத்தம் கேட்கும். நான் அடுத்த பொத்தானை எடுப்பேன்.

படுக்கை காலியாகவில்லை. இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று அண்ணன் தொலைபேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துப்போனான். பொத்தான் தைக்கிறவளுக்குப் பதினோரு மணி வருவதும் தெரியாது போவதும் தெரியாது. வேலை இல்லாதவனுக்கு அப்படி இல்லை. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் வேலைக்குப் போய், படியெல்லாம் அமைதியாகி, எந்த வீட்டிலோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்போது அண்ணன் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பான். ஒத்திகை வந்த பிறகு அவனுக்குப் பதினோரு மணிக்கு ஒரு வேலை இருந்தது. குளித்துத் தலைவாரி, நேரத்துக்கு வந்து நின்றான். அம்மாகூட, பையன் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்றாள்.

முதலில் புகார் சொன்னவன் ஆவிதான். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

"பாரு பாப்பா. உங்க அண்ணன் என் சம்பளத்துல கை வைக்கிறான். கொப்பளிக்கிறவனுக்கு இவ்வளவா ஆகும்? நான் இதை முறையாப் பேசியாகணும்."

அவனுக்கு அது சம்பளப் பிரச்சினை. எனக்கு வேறு மாதிரி இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு நான் துப்பிட்டியா என்று கேட்டேன். துப்பிட்டேன் என்று பதில் வந்தது. குழாய்ச் சத்தம் வரவில்லை. அவன் மாடிக்குப் போனதும் கழுவுதொட்டியைப் போய்ப் பார்த்தேன். காலையில் அம்மா துடைத்துவிட்டு வைத்த ஈரத்துணி காய்ந்து, தொட்டியும் காய்ந்து, ஒரு சொட்டு இல்லாமல் பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

அப்புறம் நான் பார்க்க ஆரம்பித்தேன். காகிதக் கோப்பை போய்த் தேநீர்க் குவளை வந்தது. பதினோரு மணி ஒத்திகைக்கு ஒரு நாலு மணி ஒத்திகை துணை சேர்ந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த அவனுடைய கருவிப் பெட்டியைக் காணவில்லை. அழுத்தமானி, குழாய் வளைப்பான் என்று அம்மா நகையை வைத்து வாங்கிக்கொடுத்தது. கேட்டதற்கு ஆவியிடம் இரவல் கொடுத்திருப்பதாகச் சொன்னான். ஆவிக்குத் திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

ஒருநாள் தைரியத்தை எல்லாம் திரட்டி, பொத்தானைப் பார்த்தபடியே, நீ துப்புறதில்லையே என்றேன். அவன் சன்னலோரம் சாய்ந்திருந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அட போடி. எனக்கு என்ன, எப்ப வேணாலும் விட்டுடுவேன்."

எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்து வராத வரி. அலட்சியம், லேசான எரிச்சல், கடைசியில் ஒரு கொட்டாவி என்று எல்லாம் அப்படியே அமைந்திருந்தது. ஆவி கேட்டிருந்தால் கைதட்டியிருப்பான். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தினமும் வந்ததும் அண்ணனின் வாயருகே மூக்கை நீட்டி, இன்னைக்கு நல்ல வாடைடா, மேடம் மயங்கி விழுந்துடுவா என்று மகிழ்ந்துபோவாள். ஊரில் யார் வாய் திறந்தாலும் என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பல் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மூக்கு அது. தன் பையன் விஷயத்தில் மட்டும், தான் வாங்கிக்கொடுத்த வாடைதானே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கலைக்க என் தொண்டையால் முடியவில்லை.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள்.

சலவைக்கூடத்தின் அலுவலகம் தேய்ப்பு எந்திரங்களுக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். ஆவி படிந்து பால்போல் இருந்தது. எங்கள் ஆவி இல்லை, தண்ணீர் ஆவி. அவன் வாசல்வரை வந்து, உள்ளே வந்தால் தன்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் சக்கர வண்டிகளை யாரோ தள்ளுகிற நிழல் தெரிந்தது. சூடான துணியின் வாசனை அறை முழுக்க இருந்தது. அம்மா அண்ணனின் சட்டைக் காலரைக் கலைத்துவிட்டாள். பிறகு மனம் கேட்காமல் சரிசெய்தாள்.

மேடம் கனமான உடம்புக்காரி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். என்னென்ன பழக்கம் தம்பி என்று காய்கறிக்காரியைப் போல விசாரித்தாள். அண்ணனுக்குப் பாடம் எல்லாம் குழம்பிவிட்டது.

"காலைல எழுந்ததும் ஒரு குவாட்டர் கஞ்சா மேடம். அப்புறம் ரெண்டு பொட்டலம் பிராந்தி."

மேடம் பேனாவை மூடி வைத்தாள். சிரிப்பை அடக்க அவள் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. கஞ்சாவை யாரும் குவாட்டரில் அளப்பதில்லை என்று பொறுமையாக விளக்கினாள். வேலைக்காக இப்படி நல்ல பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்களாம். நேற்று ஒருவன் வெங்காயத்தைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு வந்து, பேச முடியாமல் அழுதுவிட்டுப் போனானாம்.

"வாடைக்கு வாய் கொப்பளிச்சிருக்கே, தெரியுது. கை நடுக்கம் நல்லா வருது. ஆனா அது கொஞ்சம் அதிகம் தம்பி, குறைச்சுக்கோ."

அண்ணன் கையைப் பார்த்தான். அது குறையவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அது எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவள் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, இந்த இடம் நிஜமாகவே மாட்டிக்கொண்டவர்களுக்கு, இவன் நல்ல பையன் என்றாள் மேடம். அம்மா இத்தனை நாள் பாடம் பண்ணியது எல்லாம் ஒரு நொடியில் பறந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வேலை போனது பற்றிக்கூட அவளுக்கு நினைவில்லை. தங்கம் மேடம், பாலைத் தவிர எதையும் குடிச்சதில்லை, பால்கூட ஆடை இருந்தா குடிக்க மாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணனும் எழுந்துவிட்டான். கதவுப்பக்கம் திரும்பியபோது அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை. தப்பித்தவன் முகம் அது. மணி பத்தேமுக்கால். வீட்டுக்குப் போனால் ஒத்திகை நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

மேடம் பேச்சுக்கு என்னைப் பார்த்து, நீ ஒண்ணும் சொல்லலையேம்மா என்றாள். யாரும் பதில் எதிர்பார்க்கவில்லை. வெளியாள் முன்னால் நான் பேச மாட்டேன் என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் தொண்டை வழக்கம்போல அடைத்தது. ஆனால் அன்று அடைப்பைத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று வந்தது.

"அண்ணன் துப்புறதில்லை."

மேடத்துக்குப் புரியவில்லை. ரோட்டில் துப்பாமல் இருப்பது நல்ல பழக்கம்தானே என்றாள். அம்மாவுக்குப் புரிந்தது. உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் அது உடனே புரியும். அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. அண்ணன் பக்கம் திரும்பி, மருத்துவர் அறையில் பேசுகிற குரலில், வாயைத் திற என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எடுத்த வாயை, அவன் தாடையைப் பிடித்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். நாக்கைப் பார்த்தாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு மேடம் சொன்ன கை நடுக்கத்தை நினைத்துக்கொண்டவள்போல, அவன் விரல்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அவள் கைகளும் சேர்ந்து ஆடின.

"எழுதிக்குங்க மேடம்," என்றாள். "பாட்டில் வாங்கிக் குடுத்தது நான். அதையும் எழுதிக்குங்க."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் கத்தினான். இவள் பொய் சொல்கிறாள், எனக்கு ஒன்றுமில்லை, நினைத்தால் இப்போதே விட்டுவிடுவேன் என்று மேசையைத் தட்டினான். மேடம் கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். பேனாவைத் திறந்தாள். சிரிக்கவில்லை. குடிகார வேடம் போட்ட நல்ல பிள்ளை என்று வெளியே அனுப்ப இருந்தவள், இந்தப் பையனுக்கு ஒரு படுக்கை இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடிச் சுவரைத் தட்டி ஆள் கூப்பிட்டாள்.

பார்வையாளர் நாட்களில் அம்மா மட்டும் போய்வந்தாள். அண்ணன் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். முதலில் அவனுக்குக் காய்ச்சல், வாந்தி, தூக்கமில்லை. அப்புறம் சாப்பாட்டில் உப்பில்லை. அதற்கப்புறம் பக்கத்துப் படுக்கைக்காரனின் குறட்டை. புகார்கள் சின்னதாகச் சின்னதாக ஆக அம்மாவுக்கு நிம்மதி வந்தது. ஆவி எங்கள் படிக்கட்டில்தான் இருந்தான். சம்பளம் நின்றுபோனதில் எங்கள் மேல் வருத்தம். ஆனாலும் அம்மா திரும்பிவரும்போதெல்லாம், உள்ளே கொசுவலை உண்டா, தலையணை எப்படி, ஒரு அறையில் எத்தனை பேர் என்று சும்மா விசாரிப்பதுபோல் விசாரிப்பான்.

ஒரு தடவை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்று மடிக்கிற கூடத்தில் ஆள் குறைவு. ஒரு கல்யாணக் கூட்டம் ஓட்டலைக் காலி செய்துவிட்டுப் போயிருந்ததால் விரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. அண்ணன் சீருடையில் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பிய பக்கத்தில் யாரும் இல்லாததால், மறுபடி என் பக்கமே திரும்ப வேண்டியிருந்தது. ஒரு பெரிய விரிப்பின் முனையைத் தூக்கி என் மேல் வீசினான்.

"மூலையைப் பிடி. அந்த மூலை இல்ல, தையல் உள்ளே இருக்கிற மூலை."

பிடித்தேன். இரண்டு பேரும் பின்னால் போய் விரிப்பை விறைப்பாக இழுத்து, ஒரு உதறு உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து மூலைகளைச் சேர்த்தோம். துணி இன்னும் சூடாக இருந்தது. அருகில் வந்தபோது அவன் விரல்களைப் பார்த்தேன். ஆடவில்லை. நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டு, வேலையைப் பார் என்றான். அடுத்த விரிப்பு, அதற்கடுத்தது என்று மடித்துக்கொண்டே இருந்தோம்.

மேற்பார்வையாளர் வந்து நான் மடித்ததை விரலால் நீவிப் பார்த்தார். கை நேராக வருகிறதே என்று வியந்தார். அந்த இடத்தில் கேட்பதற்கு என்று இருக்கிற கேள்வியை வழக்கம்போலக் கேட்டார்.

"வேலைக்கு வரியாம்மா? உனக்கு என்ன பழக்கம்?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அண்ணன் விரிப்பின் தன் பக்கத்தை ஒரு சுண்டு சுண்டி இழுத்தான். நான் இரண்டடி முன்னால் ஓடிப்போய் நின்றேன்.

"போட்டுக் குடுக்கிற பழக்கம் சார்," என்றான். "ரொம்ப முத்திப்போச்சு."